எளிய குடும்பத்தில் பிறந்தவர்: பாட்டிகளின் வாழ்க்கைக் குறிப்பும் நம் இலக்கியமும்

கிறிஸ்தவப் பாட்டி ஒருத்தி தொண்ணூறு வயசு வாழ்ந்து செத்தால் ஒரு தாள் அச்சாகிறது. ஒரு பக்கம் சிலுவையும் வெள்ளைச் சேலையில் பாட்டியின் படமும். மறுபக்கம் ‘வாழ்க்கைக் குறிப்பு’. அடக்க ஆராதனையில் பேரன்களில் படித்தவன் ஒருத்தன் எழுந்து அதை வாசிப்பான். ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று எங்க பக்கம் கிறிஸ்தவச் சனம் இருக்கிற தெருக்களில் வேதப்புத்தகத்தைத் திறந்தால் இப்படி ரெண்டு மூணு தாள் மடங்கிக் கிடக்கும். இலக்கியம் என்று இதை யாரும் எண்ணியதில்லை. துண்டுப் பிரசுரம் என்று நாமும் தள்ளிவிட்டோம். ஆனால் நம் பாட்டிகளைப் பற்றி அச்சில் ஏறிய எழுத்து என்று தேடினால் பெரும்பாலான வீடுகளில் இது ஒன்றுதான் அகப்படுகிறது. எனவே இதையும் ஒரு பிரதியாக எடுத்து வைத்து வாசித்துப் பார்ப்பது நம் வேலை என்று நினைக்கிறேன்.

அதன் வாசகம் நமக்கு மனப்பாடம். அம்மையார் இன்ன ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். இன்னாரை மணந்து இத்தனை பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்த்தார். அதிகாலையில் எழுந்து ஜெபிப்பார். ஞாயிறு ஆராதனைக்குத் தவறமாட்டார். கைப்பிடியரிசி தவறாமல் கொடுப்பார். மூன்றாம் தலைமுறையைக் கண்ணாரக் கண்டார். குறுகிய கால சுகவீனத்துக்குப் பின் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். டி.டி.பி. கடையில் இந்த வாசகம் தயாராக இருக்கும், பேரையும் தேதியையும் மாற்றினால் போதும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் தாயாருக்கும், நாத்து நட்டே இடுப்பு கூனிப்போன நம்ம கெழவிக்கும் ஒரே வாசகம். பார்வைக்குச் சமத்துவம் மாதிரி இருக்கும்.

அந்தச் சமத்துவத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாம். தாளில் சாதி என்ற சொல் எங்கேயும் வராது. ‘எளிய’ என்ற சொல் வரும். தலைமையாசிரியர் வீட்டுத் தாளில் அதே இடத்தில் ‘பாரம்பரியமிக்க கிறிஸ்தவக் குடும்பத்தில்’ என்று இருக்கும். வாசிக்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். சேரி, காலனி, தெரு என்று வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்படுகிற வாய்க்கு ‘எளிய’ ஒரு கைக்குட்டை. அடுத்து, தாளின் வினைச்சொற்களை மட்டும் வரிசையாக எடுங்கள். பிறந்தார், ஏற்றார், மணந்தார், வளர்த்தார், ஜெபித்தார், கொடுத்தார், கண்டார், நித்திரையடைந்தார். நட்டார் இல்லை. களையெடுத்தார் இல்லை. அறுத்தார், சுமந்தார், பருத்தி எடுத்தார் எதுவும் இல்லை. அறுபது வருசம் கூலிக்குப் போன ஒரு உடம்பின் கதையில் கூலி என்ற சொல்லுக்கு இடமில்லை. அந்தக் கூலியில் இருந்து எடுத்துப்போட்ட கைப்பிடியரிசிக்கு மட்டும் இடம் இருக்கிறது. அரிசி எங்கேயிருந்து வந்தது என்று தாள் கேட்பதில்லை.

அடக்க ஆராதனையில் பெண்களுக்கு வழக்கமாக வாசிக்கிற வேதபாகம் நீதிமொழிகள் முப்பத்தோராம் அதிகாரம். குணசாலியான ஸ்திரீயைப் பற்றியது. என்றைக்காவது இதை நம்ம தெருவில் இருந்து வாசித்துப் பார்த்திருக்கிறோமா? அந்த ஸ்திரீ இருட்டோடு எழுந்திருக்கிறாள், சரி. எழுந்து என்ன செய்கிறாள்? வீட்டாருக்குச் சாப்பாடு கொடுத்து, தன் வேலைக்காரிகளுக்கு அவரவர் பங்கை ஒதுக்குகிறாள். நிலத்தைப் பார்த்து விலைக்கு வாங்குகிறாள். திராட்சத் தோட்டம் போடுகிறாள். அவள் புருசன் ஊர்ப் பெரியவர்களோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். இது ஒரு பண்ணையார் வீட்டம்மாளின் சித்திரம். நம்ம கெழவியும் இருட்டோடுதான் எழுந்தாள். அவள் எழுந்து போனது அடுத்தவர் நிலத்துக்கு. அந்த அதிகாரத்துக்குள் அவளுக்கு ஒரு இடம் உண்டு என்றால் அது பங்கு வாங்கக் காத்து நிற்கிற வேலைக்காரியின் இடம்தான். பெட்டிக்குள் கிடக்கிற வேலைக்காரியைப் பார்த்து எசமானியம்மாளின் புகழை வாசிக்கிறோம், சனமும் ஆமென் சொல்லுகிறது.

திருநெல்வேலிக் கிறிஸ்தவத்தின் ஞாபகமே தொடக்கத்தில் இருந்து இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதன் முதல் தாயாக யாரைச் சொல்கிறோம்? கிளாரிந்தாவை. மராத்தியப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர். 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். பாளையங்கோட்டையில் அவர் முயற்சியில் எழுந்த கோயில் 1785-இல் பிரதிஷ்டை ஆனது. இன்றைக்கும் சனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். 1915-இல் அ. மாதவையா அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாவலே எழுதினார். அந்த அம்மாளின் துணிச்சலில் எனக்குச் சந்தேகம் கிடையாது. உடன்கட்டைக்கும் மொட்டைக்கும் எதிராக அந்தக் காலத்தில் நின்ற மனுசி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிறிஸ்துவுக்குள் வந்து பிறகும் கோயிலின் பேரில் சாதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மரியாதையாக. 1780-இல் எழுதப்பட்ட முதல் சபைப் பட்டியலில் பல சாதிகளைச் சேர்ந்த 40 பேர் இருந்தார்கள். கதையாகவும் நாவலாகவும் கோயிலாகவும் ஆனது ஒரு பேர். மீதிப் பேர்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்க நமக்கு இருநூறு வருசம் ஆகியிருக்கிறது.

அந்தக் கேள்வியை முதலில் தமிழில் கேட்டது எங்க மலையின் வடக்கு அடிவாரத்தில் இருந்து. ராயகிரியில் நின்றால் மேற்கே தெரிகிற மலையை ஒட்டி வடக்கே போனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அதைத் தாண்டி வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. பாமாவின் ஊர். ஏழு வருசம் கன்னியர் மடத்தில் இருந்து 1992-இல் வெளியேறி வந்த அதே வருசம் ‘கருக்கு’ மதுரையில் அச்சாகி வந்தது. 1994-இல் ‘சங்கதி’. ரெண்டையும் தலித் பெண்ணியம், தன்வரலாறு, வட்டார மொழி என்றெல்லாம் நிறையப் பேசியாயிற்று. ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பாட்டியின் வாழ்க்கைக் குறிப்பாக, மேலே சொன்ன தாளுக்கு எதிர்த் தாளாக, அவற்றை வாசித்தது குறைவு.

‘கருக்கு’ சொல்கிற பாட்டியும் நீதிமொழிகள் ஸ்திரீ மாதிரி இருட்டோடு எழுகிறவள். ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு எழுந்து தண்ணி எடுத்து, வீட்டு வேலையை முடித்து, நாயக்கர் வீட்டுக்கு நடந்து போய்ப் பொழுது அடைகிறவரை உழைத்துவிட்டு, இருட்டில் திரும்பிக் கஞ்சி காய்ச்சுகிறவள். நாயக்கர் வீட்டில் நேற்றுப் பிறந்த பொடிப்பயல் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் அவனை அய்யா என்கிறாள். மிச்சச் சோத்தை வாங்கிக்கொண்டு அதைப் பெரிய பாக்கியம் போலக் கொண்டுவருகிறாள். பேத்தி கேள்வி கேட்கிறாள், பாட்டிக்குப் பதில் இல்லை, பயம் இருக்கிறது. இதை எழுதும்போது பாமா பாட்டியைத் தியாகச் சிலையாக்கவில்லை. அவளுடைய பணிவைப் பார்த்து எரிச்சல் படுகிறார். பாட்டியை மதித்துக்கொண்டே அவள் மேல் கோபப்படுகிற அந்த இடம்தான் அந்தப் புத்தகத்தில் எனக்கு மிக முக்கியமான இடம். வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிற எந்தப் பேரனாலும் முடியாத காரியம் அது. ‘இனிமையான சுபாவம்’ என்று தாள் சொல்வதை, அந்த இனிமை யாரிடம், யாருக்குப் பயந்து என்று கேட்டுவிட்டார்.

‘சங்கதி’யின் வெள்ளையம்மாக் கிழவி இன்னும் ஒரு படி மேலே. பேரைப் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பம், ஆனால் ஊர் வாயில் அவள் வெள்ளையம்மா. பிரசவம் பார்க்கிறவள். பறச்சி என்பதால் மேல்சாதி வீடுகளில் கூப்பிடமாட்டார்கள், மற்றபடி அவள் கை படாமல் அந்தப் பக்கம் பிள்ளை பிறப்பதில்லை. புருசன் சிலோனுக்குப் போனவன் திரும்பவே இல்லை. ரெண்டு பெண்பிள்ளைகளைக் கூலிக்குப் போய் வளர்த்தாள். பஞ்சம் வந்தபோது கழுத்தில் கிடந்த தாலியைக் கழற்றி விற்றுச் சாப்பாட்டுக்கு வழி பண்ணினாள். இதை நம்ம டி.டி.பி. வாசகத்தில் எப்படி எழுதுவது? அவள் விதவை இல்லை. சுமங்கலியும் இல்லை. விட்டுப்போன புருசனுக்கு வாழ்க்கைக் குறிப்பில் கட்டம் கிடையாது. விற்ற தாலிக்கும் கிடையாது. நம்ம தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கட்டமில்லாத கதை இருக்கிறது. சிலோன், ரங்கூன், பினாங்கு, தேயிலைக்காடு, ரப்பர்க்காடு என்று போனவர்களின் பெண்டாட்டிகள் எல்லாரும் தாளில் ‘கணவரை இழந்து’ என்ற ஒரே வரியில் அடங்கிப்போனார்கள்.

மதம் மாறியதைப் பற்றி ‘சங்கதி’ சொல்வது இன்னும் கூர்மை. வெள்ளைக்காரச் சாமியார் வந்து பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு என்றார், பறையர்கள் எல்லாரும் வேதத்துக்கு வந்தார்கள், ஊரின் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிகள் வரவில்லை, வந்ததனால் இன்றைக்கு அரசாங்கச் சலுகை எதுவும் இல்லாமல் போயிற்று. இதுதான் பாமா சொல்கிற கணக்கு. அந்த இலவசப் படிப்புக்கும் ஆம்பளைப் பிள்ளைகள்தான் போனார்கள். ஆக படிப்பும் கிடைக்காமல், சலுகையும் கிடைக்காமல், ஜெபம் மட்டும் கிடைத்தவள் பாட்டி. அந்த ஜெபத்துக்குள்ளும் வேலை பிரிக்கப்பட்டிருந்தது. கோயிலைக் கூட்டிப் பெருக்குவது நம் பெண்கள், கூட்டி முடிந்ததும் வந்து முன்வரிசையில் உட்காருவது மற்ற சாதிப் பெண்கள். கேட்டால் புண்ணியம் கிடைக்கும் என்று பதில். இந்தப் புண்ணியத்தைத்தான் நம்ம தாள் ‘ஆலயப் பணியில் ஆர்வமுள்ளவர்’ என்று எழுதுகிறது. வாருகோல் என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஆர்வம் வந்துவிடும் போல.

இவ்வளவும் சபையின் தாள் மறைத்ததைப் பற்றி. இனி நாம் மறைத்ததைப் பற்றியும் பேசியாக வேண்டும். தொண்ணூறுகளில் எழுந்த தலித் எழுத்து பாட்டியின் உழைப்பை, பசியை, கெட்ட வார்த்தையை, சிரிப்பை, குலவையை, பேய் பிடித்து ஆடுவதைக்கூட மீட்டுக்கொடுத்தது. ஜெபத்தை மட்டும் மிஷனரிமாரின் எச்சம் என்று ஒதுக்கிவிட்டோம். கெழவி முழங்கால் போட்டால் நமக்குச் சங்கடம். அதே கெழவி மாரியாத்தாளுக்கு ஆடியிருந்தால் ‘நாட்டார் மரபு’, ‘கலகப் பண்பாடு’ என்று கட்டுரை எழுதியிருப்போம். ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் மறைந்தார். பாமாவின் அண்ணன், அதே புதுப்பட்டி, அதே வீடு. அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002-இல் வந்தது. கத்தோலிக்கப் பறையர் வாழ்க்கையைத் தமிழில் இவ்வளவு விரிவாக, தன்னையே கிண்டல் பண்ணிக்கொண்டு எழுதிய நாவல் வேறு இல்லை. சேசுசபைப் பள்ளிக்கூடம், பூசை, பாவசங்கீர்த்தனம் எல்லாம் அந்தக் கிண்டலில் வறுபடுகின்றன. படித்த ஆணின் கிண்டல் அது. விடுதி பார்த்தவனுக்கு, லைப்ரரி பார்த்தவனுக்கு அந்த விலகல் சாத்தியம். நடுகைக்குப் போய்விட்டு வந்து செபமாலை உருட்டிய பெண்ணுக்கு அந்த மணிகள் என்னவாக இருந்தன என்ற கேள்வி அந்தக் கிண்டலின் பக்கத்தில் வந்து நின்றும் பதில் இல்லாமல் போகிறது. பாமாவிலும் மடத்தின் மீதான கோபம் பெரிசு, நியாயமான கோபம். பாட்டி தனியாக இருக்கும்போது என்ன சொல்லி ஜெபித்தாள் என்று அந்தக் கோபத்துக்குக் காது கொடுக்க நேரமில்லை.

காது கொடுத்த நாவல் ஒன்று உண்டு. அதை நாம் சண்டை போட்டே தவறவிட்டோம். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, 1994. பறையர் காலனிக்குத் துணி வெளுக்கிற வண்ணார் குடும்பம், புருசன் சவுரி, பொண்டாட்டி ஆரோக்கியம். கிறிஸ்தவர்கள். ராத்திரி வீடு வீடாகச் சோறு எடுப்பது, தீட்டுத்துணி வெளுப்பது, பிரசவம், சாவு, களத்தில் கிடைக்கிற தவசம் என்று ஆரோக்கியத்தின் கையைச் சுற்றியே நாவல் ஓடுகிறது. தலித்துக்குள்ளே இன்னொரு அடிமையைக் காட்டிவிட்டார், எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டார் என்று நம் விமர்சகர்கள் கடுமையாக அடித்தார்கள். அந்த விவாதத்தை இங்கே மறுபடி நடத்தும் எண்ணமில்லை. நாவலின் பக்கமே நான் இருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். எனக்குப் படிக்கக் கிடைத்த விமர்சனங்களில் ஆரோக்கியத்தின் அந்தோணியார் பக்தியை ‘அறியாமை’ என்று கடந்தவர்களே அதிகம். நாவலில் அவள் அந்தோணியாரிடம் பேசுவதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். காலனியில் யாரிடமும் அவள் நிமிர்ந்து பேச முடியாது. சாமி, சாமி என்று கும்பிட்டு வாங்க வேண்டியவள். அந்தோணியார் ஒருத்தரிடம்தான் அவள் கேள்வி கேட்கிறாள், குறை சொல்கிறாள், அழுது அடம் பிடிக்கிறாள். அவளுக்குப் பேச்சுச் சுதந்திரம் இருக்கிற ஒரே இடம் அது. அதை அறியாமை என்று சொல்ல நமக்கு எவ்வளவு அறிவு வேண்டியிருக்கிறது!

எங்க பாட்டியின் ஜெபம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுப்படியில், விளக்கை அணைத்த பிறகு. அதில் ஸ்தோத்திரம் கொஞ்சம், கணக்கு நிறைய. ஆண்டவரே, இன்னைக்கு மூணு மரக்கா வரணும், ரெண்டரைதான் அளந்தான், நீரு பாத்துக்கிட்டுதான இருந்தீரு. மேலக்காட்டுல களையெடுத்த கூலி நாலு நாளா நிக்கி. இன்னார் வீட்டில் வாங்கின கடன் இவ்வளவு. மூத்தவ புருசன் குடிச்சிட்டு அடிச்சான், அவன் கையக் கட்டும். இப்படி ஒவ்வொன்றாக, பேர் சொல்லி, அளவு சொல்லி, கடைசியில்தான் ஆமென். சங்கமோ யூனியனோ வராத தெருவில் ஒரு பெண் தினசரி பதிவு செய்த புகார் அது. எழுதத் தெரியாததால் வாயால் பதிவு செய்தாள். மனுவை வாங்கிக்கொள்ள ஒருத்தர் இருந்ததாக நம்பினாள், அவ்வளவுதான். ஒப்பாரியில் சமூக வரலாறு இருக்கிறது என்று ஆய்வேடு எழுதுகிறோம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஜெபத்தில் இருப்பதை யாரும் ஒலிநாடாவில் பிடிக்கவில்லை. பாட்டியின் அடக்கத்தில் வாசித்த தாளில் ‘ஜெப வாழ்க்கை உடையவர்’ என்று ஒரு வரி இருந்தது. எதைக் கேட்டு ஜெபித்தாள் என்பது அதில் இல்லை.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் இந்த வேலையை முன்பே தொடங்கிவிட்டார்கள். டெலோரஸ் வில்லியம்ஸ் என்ற இறையியலாளர் 1993-இல் ஆகாரை மையமாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். ஆதியாகமத்தில் வருகிற எகிப்திய அடிமைப்பெண் ஆகார், ஆபிரகாம் வீட்டு வேலைக்காரி. எசமானியின் கொடுமை தாளாமல் வனாந்தரத்துக்கு ஓடியவள். தன்னைப் பார்த்தவர் என்று கடவுளுக்குத் தானே ஒரு பேர் வைத்தவள். வில்லியம்ஸ் ஒன்றைத் தைரியமாகச் சொன்னார்: அந்தக் கடவுள் ஆகாரை விடுதலை செய்யவில்லை, எசமானியிடமே திரும்பிப் போகச் சொன்னார், ஆனால் அவளும் பிள்ளையும் பிழைத்துக்கிடக்க வழி செய்தார். விடுதலைக் கடவுள் என்று நாம் மேடையில் பேசுகிற கடவுளும், பிழைத்துக்கிடக்கப் பாட்டி பிடித்துக்கொண்ட கடவுளும் ஒரே ஆள் இல்லை என்பது இதில் கிடைக்கிற வெளிச்சம். நம்ம பாட்டிகளின் அடக்கத்தில் நீதிமொழிகள் முப்பத்தொன்றுக்குப் பதிலாக ஆதியாகமம் பதினாறை வாசித்தால் என்ன என்று ஒரு உபதேசியாரிடம் கேட்டேன். அது துக்க வீட்டுக்கு ஏற்ற பாகம் இல்லையே என்றார். யாருடைய துக்கத்துக்கு என்று அந்த நேரத்தில் கேட்க முடியவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, சரி, இனி தாளில் எல்லாவற்றையும் எழுதிவிடுவோம், சாதியை எழுதுவோம், உழைப்பை எழுதுவோம், ஜெபத்தையும் எழுதுவோம் என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்க விடாமல் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மதத்தைப் பார்க்காமல் கொடுக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. தாள்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசு வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டவர். குழந்தையில் ஞானஸ்நானம் ஆனதையும், கோயிலுக்குத் தொடர்ந்து போய் வருவதையும் சான்றாக எடுத்துக்கொண்டு, நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். தீர்ப்பின் சரி தப்பை வக்கீல்கள் பேசட்டும். ஒரு விமர்சகராக எனக்குப் படுவது வேறு. ஞாயிறு ஆராதனைக்குத் தவறமாட்டார் என்பது நம்ம தாளின் பாராட்டு வாசகம். அதே வாசகம் நீதிமன்றத்தில் சாட்சியம். ஒரு வாக்கியம், ரெண்டு வாசிப்பு. கோயிலில் வாசித்தால் பாட்டிக்கு மகிமை, கலெக்டர் ஆபீசில் வாசித்தால் பேத்திக்கு வேலை போச்சு. சிலுவைராஜ் நாவலின் முடிவில் வேலைக்காக இந்துவாக மாறிச் சான்றிதழ் வாங்குவது நினைவிருக்கும். நாவல் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னது. இப்போது சிரிக்க முடிகிறதா தெரியவில்லை.

இதன் விளைவு எங்க தெருக்களில் கண்கூடு. ஒரே சாவுக்கு ரெண்டு அச்சு வேலை. பஸ் நிறுத்தத்தில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் ரேஷன் கார்டில் இருக்கிற பேர், சிலுவை இல்லாமல், ரெண்டு பக்கமும் குத்துவிளக்குப் படத்தோடு. கோயிலுக்குள் கொடுக்கிற தாளில் ஞானஸ்நானப் பேர், சிலுவையோடு. ரெண்டிலும் ஒரே முகம். அந்நியர் ஒருவர் பார்த்தால் ரெண்டு கெழவிகள் ஒரே நாளில் செத்துப்போனதாக நினைப்பார். வாழ்க்கைக் குறிப்பில் சாதி இல்லாததற்குச் சபையின் கூச்சம் மட்டும் காரணம் என்று முதலில் எழுதினேன். சபையின் கூச்சத்தோடு பேரப்பிள்ளைகளின் பயமும் சேர்ந்திருக்கிறது. சாதியை எழுதினால் கோயிலில் முகம் சுளிப்பு. பக்தியை எழுதினால் தாலுகா ஆபீசில் ஆபத்து. பாட்டியின் வாழ்க்கையில் இந்த ரெண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பிறந்த தேதியும் இறந்த தேதியும்தான். பிறந்த தேதியும் உத்தேசம்.

சாவுக்குப் பிறகும் இது விடுவதில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் சாதிச் சுவர் நின்று பல தலைமுறையாகப் போராட்டம் நடந்துவந்திருக்கிறது. உள்ளே ஒரு சுவர் போட்டுப் புதைக்கிறவர்கள், வெளியே எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்கிறார்கள். சாதி இருக்கிறது என்று சுவர் சாட்சி சொல்கிறது, சாதி இல்லை என்று 1950 ஆணை சொல்கிறது. நடுவில் கிடக்கிறவளிடம் யாரும் கேட்டதில்லை.

மாணவர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தந்த ஊரில் இந்தத் தாள்களைச் சேர்க்க வேண்டும், போஸ்டரையும் சேர்த்தே. பக்கத்தில் உயிரோடு இருக்கிற பாட்டிகளிடம் உட்கார்ந்து, எந்தெந்தக் காட்டில் வேலை பார்த்தார்கள், நெல்லாக என்ன கிடைத்தது, ரூபாயாக என்ன கிடைத்தது, யார் குறைத்து அளந்தது, எந்தச் சாமியிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பேரை வெளியிடாமல் எழுதலாம், அதற்கு நம் பத்திரிகைகளில் இடம் உண்டு. கேள்வியைச் சாதியில் தொடங்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள். கூலியில் தொடங்குங்கள்.

ராயகிரிப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டி செத்து ஒரு வருசம் ஆகப்போகிறது. முதலாம் ஆண்டு நினைவுத் தாளுக்கு வாசகம் எழுதித்தரச் சொல்லி அந்தக் குடும்பம் என்னிடம் வந்தது. மகள் பாட்டியின் ஜெபத்தைப் போடச் சொல்கிறாள், கூலிக்கணக்கோடு, அப்படியே. மகன் வேண்டாம் என்கிறான், அவன் பையன் குரூப் நாலு எழுதியிருக்கிறான், ரிசல்ட் வரவில்லை. பாட்டியின் பேர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு மற்றதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். டி.டி.பி. கடைக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டார், பேர் என்ன போடணும் என்று.